சாரதாமணி காரின் நீலப் புகை

சிக்குன்குனியா வந்து பாதித் திருப்பூர் முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்த வருஷம் அது. கொசு மருந்துப் புகை அடிக்கிற நகராட்சி வண்டி எப்போது வரும் என்று வீதியே காத்துக் கிடந்தது. எதிர்வீட்டுப் பழனாத்தாள் ஒரு நாள் காலையில் புகை வாசம் அடித்ததும் ஓடிப்போய்க் கதவு, ஜன்னல், துணி பீரோ என்று அத்தனையையும் திறந்துவிட்டாள். புகை தாராளமாக உள்ளே வந்தது. மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது. நகராட்சிக்கு இத்தனை பொறுப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மூன்றாம் நாள், மருந்தடிக்கிறவருக்கு ஒரு டம்ளர் மோராவது கொடுப்போம் என்று வாசலுக்கு வந்து பார்த்தாள். புகைக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது சாரதாமணியின் ஃபியட் கார்.

"ஏஞ் சாரதா, உன்ற வண்டியா அது?" என்று அன்று சாயங்காலம் பழனாத்தாள் கேட்டாள். "நான் மூணு நாளா பீரோவையெல்லாம் தொறந்து வெச்சுட்டு உக்கோந்திருக்கறேன்."

"கொசு கொறஞ்சுதுங்களாக்கா?"

"கொறஞ்சாப்பலதான் இருக்குது."

"அப்பறமென்னுங்க" என்றாள் சாரதாமணி.

வாய்தான் அப்படிச் சொன்னது. மனசு வேறு கணக்குப் போட்டது. புகை எதிர்வீட்டுக்குத் தெரிந்துவிட்டது என்றால் இனிமேல் அவள் கணவர் தண்டாயுதபாணிக்குத் தெரியாமல் இருக்காது.

அந்த ஃபியட்டுக்குப் பதினெட்டு வயது. தண்டாயுதபாணி பனியன் துணி பின்னுகிற தன்னுடைய நிட்டிங் ஷெட்டில் நாலாவது மெஷினை இறக்கிய கையோடு தனக்குப் புது வண்டி ஒன்று வாங்கிக்கொண்டார். பழையது சாரதாமணிக்கு வந்து சேர்ந்தது. நாற்பத்திரண்டு வயதில், காலி மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஓட்டிப் பழகினாள். அதுவரை நாலு வீதியோடு நின்றிருந்த அவளுடைய எல்லை, அதன்பிறகு மேற்கே மங்கலம், வடக்கே அனுப்பர்பாளையம், தெற்கே குண்டடம் என்று விரிந்தது. எந்த வீட்டில் பெண் பார்த்தார்கள், எந்த வீட்டில் பார்த்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை, எந்த மருமகள் தனி அடுப்புப் பற்றவைத்தாள் என்பதெல்லாம் அந்தக் காரில்தான் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. தபால் இலாகாகூட ஞாயிற்றுக்கிழமை லீவு விடும்.

அவள் பயந்தது போலவே அன்றைக்கே, புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில், தண்டாயுதபாணி பேச்சை எடுத்தார்.

"வண்டி பொகையுதாமா. இஞ்சின்ல ரிங்கு போயிருச்சு. பதினெட்டு வருசம் ஓடுனதே எச்சு. ஞாயித்துக்கெழம பத்து மணிக்குக் கோயமுத்தூர்ல இருந்து ஒருத்தரு வர்றாரு. பழைய வண்டிய ஒடச்சு விக்கறவரு. குடுத்தறலாம்."

"அப்பறம் நான் எதுலீங்க போறது?"

"பஸ்ல போ. ஒறம்பரை, சொந்தக்காரங்க ஊட்டுக்குத்தான போற. ஆர்டர் புடிக்கவா போற?"

சாரதாமணி ரசத்தை ஊற்றினாள். கொஞ்சம் இலைக்கு வெளியேயும் ஊற்றினாள்.

மறுநாள் காலையில் அவர் ஷெட்டுக்குக் கிளம்பியதும், மங்கலம் ரோட்டில் இருக்கிற இசக்கிமுத்துவின் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள். இசக்கிமுத்து தென்காசிப் பக்கத்துக்காரன். பனியன் கம்பெனியில் டெய்லராகச் சேர்ந்து, தைக்கிறதைவிடத் தையல் மெஷினைப் பிரித்துப் பூட்டுவதில்தான் கை ஓடுகிறது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து கார்களுக்குத் தாவியவன்.

"ஸ்டார்ட் பண்ணி மெதுவா ரேஸ் குடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு, ஒரு கை பனியன் வேஸ்ட் துணியை எடுத்துச் சைலன்சர் வாயில் பிடித்தான். வெள்ளைத் துணியில் புள்ளி புள்ளியாக எண்ணெய் வந்து உட்கார்ந்தது.

"கருப்பா வந்தா பெட்ரோல் கூடக் குடிக்குன்னு அர்த்தம். வெள்ளையா விடாம வந்தா தண்ணி உள்ள போவுது. இது நீலம். ஆயில் எரியுதுக்கா."

"எனக்கு வெள்ளையாத்தானுங்க தெரியுது."

"வெயில்ல அப்படித்தான் தெரியும். அந்தச் செவத்து நெழலுக்கு நேரா வச்சுப் பாருங்க."

பார்த்தாள். நீலம் போட்டு அலசிய வேட்டியின் நிறத்தில் புகை சுவரோரம் ஏறிக்கொண்டிருந்தது.

"காலையில மொத ஸ்டார்ட்ல மட்டும் வருதா, ஓடும்போதும் வருதா?"

"எப்பவுந்தானுங்க."

"மொத ஸ்டார்ட்ல மட்டும்னா மேல இருக்கிற வால்வு சீல். மிதிக்கிற நேரமெல்லாம்னா கீழ ரிங்கு."

"எங்கூட்டுக்காரரும் ரிங்குன்னுதான் சொன்னாரு" என்றாள். குரல் இறங்கிப் போயிருந்தது.

"அண்ணாச்சி துணி ஓட்டுறதுல கெட்டிக்காரரு. இத நாம எதுக்கும் ஒரு தடவ பாத்துருவோம்."

நாலு பிளக்கையும் கழற்றினான். ஒவ்வொரு துளையிலும் அழுத்தம் பார்க்கிற கேஜைச் செருகி, அவளைச் சாவியைத் திருகச் சொல்லி, முள்ளைப் பார்த்தான். முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"நாலும் ஒரே மார்க் வாங்கிருக்கு. அதுவும் நல்ல மார்க். ரிங்கு போன இஞ்சின் இப்படிக் காட்டாதுக்கா."

"அப்ப வண்டி நல்லாருக்குதுங்களா?"

"நல்லாருக்கிற வண்டி எதுக்கு ஆயில் குடிக்குன்னுதான் தெரியல."

எண்ணெய் அளக்கிற குச்சியை உருவினான். துடைத்துவிட்டு மறுபடி விட்டு உருவினான். எண்ணெய், மேல் கோட்டையும் தாண்டி ரெண்டு விரற்கடை ஏறி நின்றது. இத்தனை நாள் எரிந்தும் குறையாமல், அளவுக்கு மேலே நிற்கிற எண்ணெயை இசக்கிமுத்து அதுவரை பார்த்ததில்லை. விரலில் தொட்டுத் தேய்த்தான். பிசுபிசுப்பே இல்லாமல் தண்ணீராக வழிந்தது. மோந்து பார்த்தான்.

"பெட்ரோல் பம்பு ஒழுகி உள்ள எறங்குனா இப்படி நீத்துப்போவும். ஆனா பெட்ரோல் வாடையே இல்லையே." அப்படியே கண்ணை உள்ளே ஓட்டியவன், ஸ்டியரிங்குக்குப் பின்னால் பார்வையை நிறுத்தினான். "இது என்னக்கா?"

"பொட்டுங்க."

"பொட்டுன்னு தெரியுது. இங்க எதுக்கு ஒட்டிருக்கு?"

"அந்தச் செவப்பு லைட்டு சும்மா சும்மா மினுக்குச்சுங்க. கண்ணக் கூசுது. அதான் ஸ்டிக்கர் பொட்டு ஒண்ண எடுத்து ஒட்டியுட்டேன்."

இசக்கிமுத்து பக்கத்தில் கிடந்த டயரின்மேல் உட்கார்ந்துவிட்டான். "அது ஆயில் பிரஷர் லைட்டுக்கா. அது மினுக்குனா வண்டிய நிறுத்தணும். நீங்க அதுக்குப் பொட்டு வச்சுல்ல வழியனுப்பிருக்கிய."

சாரதாமணி அவசரமாகப் பொட்டை உரித்துத் தன் கைப்பையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டாள். நல்ல பொட்டு, வீணாக்குவானேன்.

"சரி, யாராவது ஆயில் மாத்துனாவளா?"

"என்ற கண்ணுக்குத் தெரியாம எங்கூட்டு வண்டியில ஆருங்க கை வெப்பாங்க? எங்கூட்ல ஈ பறந்தாலும் எனக்குத் தெரியுமுங்க."

"அப்படின்னா ஒண்ணு செய்ங்க. எந்தத் தேதியில பொகைய ஆரம்பிச்சுதுன்னு சரியாக் கேட்டுட்டு வாங்க. அதுக்கு முந்தின நாள் வண்டிக்கு என்ன நடந்துதோ அதான் வியாதி. அதுவரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டும். காரணம் தெரியாம நான் ஆயில மாத்திக் குடுத்து, நாலு நாள்ல திரும்பவும் நீத்துப்போச்சுன்னா அண்ணாச்சி சொன்னது உண்மையாயிரும். இஞ்சினே சுத்தாம இறுகிப் பிடிச்சிரும்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன்னால் மிச்சம் இருந்தது ரெண்டே நாள். அவள் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வீடு வந்தாள். டிபன் கேரியர் ஒன்று வழி நெடுக இடுப்பில் இடித்தது. இனிமேல் எல்லாச் செய்திக்கும் இப்படித்தான் தொங்க வேண்டும் என்று நினைத்தபோது, பாதிச் செய்தியை விட்டுவிடலாம் போல இருந்தது. அந்த நினைப்பே அவளைப் பயமுறுத்தியது.

தேதி கேட்பதற்கு அந்த வீதியில் பழனாத்தாளை விட்டால் ஆளில்லை. அவள் வீட்டில் காலண்டர் உண்டு, ஆனால் அதில் பால் கணக்குத் தவிர வேறொன்றும் பார்க்கமாட்டாள். நாட்களை அவள் மனிதர்களை வைத்துத்தான் எண்ணுவாள்.

"நீங்க என்ற வண்டிப் பொகைய மொதமொத எப்பங்க்கா பாத்தீங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்."

"பீரோவத் தொறந்தது திங்கக்கெழம. ஆனா அதுக்கு முந்தியே ஒருக்கா வாசம் வந்துச்சு கண்ணு. கோடி ஊட்டு மருமக கோவிச்சுட்டுப் பொட்டியத் தூக்கிட்டுப் போனா பாரு, அன்னிக்கு."

"அதுக்கும் முந்திங்க?"

"அதுக்கு முந்தி..." பழனாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே வீதி முழுக்கப் பின்னோக்கி நடந்துகொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது. "மாடி ஊட்டுக்காரன் சட்டையில்லாம வந்து கேபிள்காரனோட சண்ட போட்டான். அன்னிக்கும் பொகை. அதுக்கு முந்தின நாள், வீதி முக்குல ஒடச்சுப் போட்ட பூசணிக்கா மேல உன்ற வண்டி ஏறிப் போச்சு. அப்ப குப்புனு ஒரு பொகை. நான் பூசணிக்காதான் பொகையுதுன்னு நெனச்சேன்."

"பூசணிக்கா எங்காச்சும் பொகையுமாங்க்கா?"

"சாங்கியம் பண்ணுன பூசணிக்கா. அதுல என்ன இருக்குதோ, ஆரு கண்டா."

பூசணிக்காய் உடைத்தது ஆயுத பூஜைக்கு. வண்டி அதன்மேல் ஏறியது மறுநாள் காலையில். அப்படியானால் என்னவோ நடந்திருப்பது ஆயுத பூஜை அன்றைக்கு. அன்றைக்குக் கார் எங்கே இருந்தது என்று யோசித்த சாரதாமணிக்கு முகம் சுருங்கிவிட்டது. சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டிப் பூஜை போடுவதற்காகத் தண்டாயுதபாணி அதை ரெண்டு வீதி தள்ளியிருக்கிற ஷெட்டுக்குக் கொண்டு போயிருந்தார். அவளோ அன்றைக்குத் தங்கை வீட்டுக்கு அனுப்பர்பாளையம் போய்விட்டாள். அங்கே பாத்திரப் பட்டறைப் பூஜை என்று சொல்லிக்கொண்டுதான் போனாள். உண்மையில், அடுத்த வீட்டுப் பெண்ணின் நிச்சயதார்த்தம் நின்றுபோன விவரத்தைச் சூடாகக் கேட்கத்தான் போனாள். ஊரார் வீட்டு நாட்கள் முழுவதும் விரல் நுனியில் இருக்க, சொந்த வீட்டு நாள் ஒன்று கணக்கில் விட்டுப் போயிருந்தது. வெளியே சொல்லக்கூடிய சமாச்சாரமா இது?

வெள்ளிக்கிழமை, தண்டாயுதபாணி நூல் பார்க்கப் போன நேரம் விசாரித்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். நாலு மெஷினும் கடகடவென்று சுற்றிக்கொண்டிருக்க, நடுவில் மொக்கைச்சாமி நின்றிருந்தான். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஆறு வருஷமாக அங்கே மெஷின் ஓட்டுகிறவன். முதலாளியைக் காட்டிக்கொடுக்காதவன் என்று பேர் வாங்கியவன். அவனிடம் நேராகக் கேட்டால் ஒன்றும் பெயராது என்று சாரதாமணிக்குத் தெரியும். தெரியாததைக் கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள், தெரிந்த மாதிரி கேட்டால் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். இருபது வருஷ அனுபவம் அது.

"பூஜைக்கு வண்டிய நல்லாக் கழுவிக் குடுத்தீங்களாட்டருக்குது மொக்கைச்சாமி. கண்ணாடி பளபளன்னு இருந்துச்சு."

"ஆமாங்கம்மா. ஓனரும் கூட நின்னாக."

"எண்ணெயும் அவரே ஊத்துனாராமா. எத்தன லிட்டருன்னு கேட்டா மறந்துட்டேங்கறாரு பாருங்."

மொக்கைச்சாமியின் முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியது. "சொல்லிட்டாகளா? நாலு லிட்டரும்மா. போதும்ணே, குச்சிய எடுத்துப் பாப்பம்னு நாந்தேன் சொன்னேன். இன்னைக்கு ஒரு நாளாச்சும் வயிறு நெறயக் குடிக்கட்டும்டான்னாக."

"அந்த எண்ணெய்தான?" என்று சாரதாமணி எங்கேயும் காட்டாமல் பொதுவாகத் தலையை ஆட்டினாள்.

மொக்கைச்சாமியே மூலையில் இருந்த டிரம்மைக் காட்டினான். பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நிட்டிங் மெஷினின் ஊசிகளுக்கு விடுகிற எண்ணெய். பன்னீர் மாதிரித் தெளிவாக இருக்கும். துணியில் பட்டாலும் துவைத்தால் போய்விட வேண்டும் என்பதற்காக மெல்லிசாகச் செய்தது. ஊசிக்கு அது அமிர்தம். கொதிக்கிற கார் இஞ்சினுக்கு அது வெறும் தண்ணீர்.

"பூசை அன்னைக்கு எல்லா மெசினுக்கும் புது எண்ணெய் விடுறதுதேனம்மா வழக்கம்" என்றான் மொக்கைச்சாமி. "காரும் அதே வரிசையில நின்னுச்சு. அடியில தொறந்துவிட்டா உள்ள இருந்து கரேர்னு தாரு மாதிரி எறங்குது. ஓனருக்கு மனசு தாங்கல. 'பதினெட்டு வருசமா ஒழைக்குது, அதுக்கு இந்தக் கருமத்தையா ஊத்தறது, ஜெர்மன் மெசினுக்கு ஒரு எண்ணெய் இதுக்கு ஒரு எண்ணெயா'ன்னு புது டிரம்ம ஒடச்சு அவுகளே ஊத்துனாக. பெறகு சூடங் காட்டித் தொட்டுக் கும்புட்டாக."

சாரதாமணி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு வெளியே வந்தாள். சிரிப்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உடைக்கிறவருக்குக் கொடுக்கிறேன் என்று துள்ளுகிற மனுஷன் அந்த வண்டியைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறார் என்பது என்னவோ செய்தது. கும்பிட்டவர் நாலு லிட்டரோடு நிறுத்தாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் செய்தது.

சனிக்கிழமை இசக்கிமுத்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, காருக்கு அடியிலேயே படுத்தபடி கொஞ்ச நேரம் சிரித்தான்.

"அண்ணாச்சி ரொம்பப் பாசமா ஊத்திருக்காரு. சூட்டுல இது தண்ணியா ஓடி, ரிங்கு இடுக்கு வழியா மேல ஏறி எரிஞ்சிருக்கு. அளவுக்கு மேல வேற நின்னுருக்கு, பொகையாம என்ன செய்யும்? நல்லவேளை, ரொம்ப தூரம் ஓட்டல நீங்க."

பழையதை முழுக்க இறக்கி, பில்டரை மாற்றி, கார் எண்ணெயை மேல் கோடு வரை அளந்து விட்டான். சாவியைத் திருகினாள். புகை வந்தது. முன்னைவிடக் குப்பென்று வந்தது. அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதிய. சைலன்சருக்குள்ள தங்குனது எரியணும்லா. மங்கலம் வரைக்கும் போயிட்டு வாங்க."

போகும்போது கண்ணாடியில் பின்னால் பஸ் தெரியவில்லை, புகைதான் தெரிந்தது. மங்கலத்துக்குப் பாதி வழியில் பஸ்ஸின் மேல்பாதி தெரிந்தது. மங்கலத்துத் தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்த இடத்தில், டிரைவரின் மீசை வரைக்கும் தெரிந்தது. அவர் ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததும் அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. சிவப்பு விளக்கு மினுக்காமல் அணைந்து கிடந்தது. மங்கலம் வரை வந்துவிட்டு யாரையும் பார்க்காமல் திரும்பியது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை மணிக்கு, தண்டாயுதபாணி பேப்பரோடு வாசலுக்கு வந்தபோது ஃபியட் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பின்னால் போய் நின்றார். குனிந்து பார்த்தார். கையை வைத்துப் பார்த்தார்.

"ரிங்கு மாத்துனயா?"

"எண்ணெய் மாத்துனனுங்க."

"என்ன எண்ணெய்?"

"கார் எண்ணெய்" என்றாள் சாரதாமணி. 'கார்' என்ற இடத்தில் கொஞ்சம் நின்று சொன்னாள்.

தண்டாயுதபாணி பேப்பரை மடித்தார். மறுபடி விரித்தார். "மொக்கைச்சாமி சொன்னானா?"

"அவரு ஒண்ணுஞ் சொல்லலீங். நாந்தான் சொன்னேன். அவரு ஆமான்னாரு." அவள் வண்டியை அணைத்தாள். "பழனாத்தாக்கா காலையிலயே கேட்டாங்க, பொகை எப்படி நின்னுச்சுன்னு. என்ன சொல்றதுன்னு யோசிச்சுட்டிருக்கறனுங்க."

தண்டாயுதபாணி எதிர்வீட்டைப் பார்த்தார். ஜன்னல் திரைக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. எதிர்வீட்டுக்குப் போனால் வீதிக்குப் போகும், வீதிக்குப் போனால் நிட்டிங்காரர்கள் டீ குடிக்கிற பேக்கரிக்குப் போகும். இருபத்தைந்து வருஷமாக மெஷின் வைத்திருக்கிறவர் எந்த எண்ணெயை எதில் ஊற்றினார் என்று பன்னுக்கும் டீக்கும் நடுவில் பேசுவார்கள்.

கோயமுத்தூர்க்காரர் சரியாகப் பத்து மணிக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"குடுக்கறதில்லீங்க" என்றார் தண்டாயுதபாணி.

"ஏனுங்க? ரிங்கு போச்சு, வந்து எடுத்துக்கங்கன்னீங்க."

"அது ரிங்கு இல்லீங்க. வேற."

"வேறென்னுங்க?"

தண்டாயுதபாணி வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். காப்பியோடு வந்த சாரதாமணி டம்ளரை நீட்டினாள். "பக்தி கொஞ்சம் எச்சாப் போயிருச்சுங்க. கொறச்சதும் சரியாயிருச்சு. சர்க்கரை போதுங்களா?"

வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பக்தி என்றதால் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டுக் காப்பியைக் குடித்துக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் தண்டாயுதபாணி குரலைத் தாழ்த்தினார். "இந்தா பாரு சாரதா. வண்டி உன்னுது. இனி அதப் பத்தி நான் வாயே தொறக்கமாட்டேன். ஆனா இது திருப்பூருக்குள்ள ஒருத்தருக்குந் தெரியப்படாது."

"திருப்பூருக்குள்ள ஒருத்தருகிட்டயும் சொல்லமாட்டனுங்க. உங்க மேல சத்தியம்."

செவ்வாய்க்கிழமை காலையில் குண்டடத்துக்குக் கிளம்பினாள். கூட வருகிறேன் என்று பழனாத்தாளும் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். பழைய பஸ் ஸ்டாண்டு தாண்டுவதற்குள் நாலு தடவை கேட்டுவிட்டாள்.

"அப்படி என்னதான் கண்ணு ஆச்சு வண்டிக்கு?"

"ரோட்டப் பாக்கோணுங்க்கா. சித்தெ இருங்க."

கேட்டுக்கேட்டுச் சலித்துப் பழனாத்தாள் கோபத்தோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாரதாமணி உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். கன்னம் ரெண்டும் உப்பியிருந்தன. நகராட்சி எல்லைப் பலகை வந்தது, பின்னால் போனது. அவள் இன்னும் நூறு அடி சேர்த்தே போனாள், சத்தியத்தில் குறை இருக்கக்கூடாது என்று. பிறகு ஒரு வேப்பமரத்து நிழலில் வண்டியை ஓரங்கட்டி, ஹாண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, பழனாத்தாள் பக்கமாக முழு உடம்பையும் திருப்பி உட்கார்ந்தாள். ஓட்டிக்கொண்டே சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது.